கைலாசம் அத்தானின் வலது முழங்கை

குற்றாலத்துப் பேரருவிக்குக் குளிக்க வருகிறவர்களில் பாதிப் பேருக்கு என் அத்தானின் முகம் தெரியாது, கை தெரியும். பாறையில் குப்புறப் படுத்து எண்ணெய் தேய்த்துக்கொள்பவனுக்கு முகம் எங்கே தெரியப்போகிறது? முதுகில் இறங்கும் உள்ளங்கையை வைத்தே "கைலாசந்தானே?" என்று கேட்கும் வாடிக்கைக்காரர்கள் அவருக்கு இருந்தார்கள். விருதுநகர் வத்தல் வியாபாரி ஒருவர் ஆடி பிறந்தால் குடும்பத்தோடு வந்து இறங்குவார். கூட்டத்தில் வேறு யாராவது அவர் முதுகில் கை வைத்துவிட்டால், "இது அந்தக் கை இல்லையேப்பா" என்று எழுந்து உட்கார்ந்துவிடுவார்.

கைலாசம் என் அக்கா உலகம்மாளின் புருஷன். மேலகரத்தில் வீடு. ஆள் உயரமில்லை. தோளும் கையும் மட்டும் வேறு யாருக்கோ அளவெடுத்துச் செய்து இவருக்கு மாட்டிவிட்டதுபோல இருக்கும். சாரல் காலம் முழுக்க அருவிக்கரைப் பாறையில் நின்று எண்ணெய் தேய்ப்பார். அருவி வற்றிவிட்டால் புளியறைக்குப் போய் லாரிக்குச் சுமை ஏற்றுவார். மலையாளத்துக்குப் போகிற வைக்கோல், அங்கிருந்து வருகிற மரச்சீனிக்கிழங்கு, எதுவானாலும் சரி. இரண்டு வேலைக்கும் அவருக்கிருந்த ஒரே சொத்து அந்த வலது கை.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அச்சன்புதூரில் எங்கள் வளவில் முதன்முதலாக பி.ஏ. முடித்தவன் நான். எங்கள் அப்பா அடுத்தவர் வயலில் ஏர் பிடித்தவர். கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரலை உருட்டியவர். அவர் பெற்ற பிள்ளை பாளையங்கோட்டையில் விடுதியில் தங்கி, சரித்திரம் படித்து, கறுப்பு அங்கி போட்டுப் பட்டம் வாங்கினான் என்பதில் எனக்குப் பெருமை உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். படித்தவன் ஒரு விஷயத்தை விளக்கமாகச் சொன்னால் ஜனங்கள் கேட்டுக்கொள்வார்கள் என்றும் அப்போது நான் உறுதியாக நம்பினேன். அந்த நம்பிக்கையை உடைத்தது அத்தானின் முழங்கை. இதை எழுத உட்காரும்போதே எனக்கு எரிச்சல் வந்துவிடுகிறது.

1959 வைகாசி. பட்டம் வாங்கி, வேலைக்கு மனுப் போட்டுவிட்டு, அக்கா வீட்டில் வந்து தங்கியிருந்தேன். அன்று அத்தான் புளியறையில் வைக்கோல் லாரியின் உச்சியில் நின்று கயிறு இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறார். வேலை முடிந்து இறங்கும்போது லாரி சற்று நகர்ந்துவிட்டது. விழுந்தவர் உடம்பைக் காப்பாற்ற வலது கையைத் தரையில் ஊன்றினார். மொத்தப் பாரமும் அந்தக் கையில் இறங்கி, முழங்கை பின்பக்கமாக நழுவிவிட்டது. டீக்கடையில் இருந்த ஒருவர் உடனே தேங்காய் எண்ணெயைக் காய்ச்சப் போனாராம். லாரி டிரைவர் மலையாளி. "எண்ணயும் வேண்டா, தைலவும் வேண்டா, ஆசுபத்திரியில கொண்டு போகாம்" என்று சொல்லி, அவரை முன்சீட்டில் ஏற்றித் தென்காசிக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

எண்ணெய் வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் அந்த டிரைவர். இரண்டாவது டாக்டர். மூன்றாவது நான். நாலாவதாக ஒரு ஆள் இன்றுவரை வரவில்லை.

டாக்டர் ஏசுவடியான் தென்காசியில் சொந்தமாக ஆஸ்பத்திரி வைத்திருந்தார். மதராஸில் படித்தவர்; பேச்சு மட்டும் நம்ம பக்கத்துப் பேச்சு. நான் சைக்கிளில் போய்ச் சேர்ந்தபோது அத்தான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முழங்கைக்குப் பின்னால் எலும்பு துருத்திக்கொண்டு, கை குட்டையாகத் தெரிந்தது. டாக்டர் மணிக்கட்டில் நாடி பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாக ஆட்டச் சொன்னார். பிறகு மூக்கில் துணி வைத்து மயக்கம் கொடுத்து, கம்பவுண்டரை மேல்கையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, கீழ்க்கையைப் பைய இழுத்து மடக்கினார். உள்ளே ஏதோ தாழ்ப்பாள் விழுந்ததுபோலச் சத்தம் கேட்டது. முழங்கை பழைய உருவத்துக்கு வந்துவிட்டது. அதைச் செங்கோணமாக மடக்கிவைத்து, பின்பக்கம் மாவுக்கட்டுப் போட்டு, கழுத்திலிருந்து துணி கட்டித் தொங்கவிட்டார்.

அத்தானுக்கு மயக்கம் தெளிந்ததும் டாக்டர் கேட்டார்: "என்ன தொழிலு?"

"குத்தாலத்துல எண்ணெ தேய்க்கேன்யா. இப்ப சுமை."

"கெட்டுது போ" என்றார் டாக்டர். "இந்தா பாரு கைலாசம், மூட்டு எடத்துல உக்காந்துட்டு. நான் பயப்படுதது ஒண்ணுக்குத்தான். ஒன் சேக்காளிகளுக்கு."

"அவிய என்னய்யா செய்வாவ? பாவம்."

"தேய்ப்பாவ. அதான் பயம். மூணு வாரம் கட்டு இருக்கட்டும். பிரிச்சா கை மரக்கட்ட மாதிரி இருக்கும். பயந்துராத. நீயா, ஒன் சத்தியில மடக்கி நீட்டணும். வலிச்சா விட்டுரணும். அடுத்தவன் புடிச்சு இழுக்கக் கூடாது, பெசையக் கூடாது. எண்ணெ தீபத்துக்கு ஆச்சு, தோசைக்கு ஆச்சு, இந்த முட்டிக்கு ஆகாது. என்னைக்குச் சோத்துக் கை வாய்க்கு வருதோ, அன்னைக்கு என்கிட்ட வாரத நிறுத்திக்கோ."

எனக்கு ஒரு சந்தேகம். "ஒய் நாட் மசாஜ், டாக்டர்?" என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே பதில் சொன்னார். "நசுங்குன சதைக்குள்ள ரத்தம் கட்டிக் கெடக்கு, தம்பி. சும்மா விட்டா தானா வத்திரும். போட்டுப் பெசைஞ்சா எலும்பாயிரும். நெச எலும்பு. சதைக்குள்ள எலும்பு முளைச்சா அந்தக் கை மடங்குமா? நீருதான் படிச்சவரா இருக்கீரு. பாத்துக்கிடும்."

பார்த்துக்கொள்வேன் என்று பெருமையோடு தலையாட்டினேன்.

மறுநாளே தொடங்கிவிட்டது. கையுடைந்தவனைப் பார்க்க வருகிறவர்கள் வேறு ஊர்களில் பழம் கொண்டுவருவார்கள். மேலகரத்துக்கு வந்தவர்கள் எண்ணெய் கொண்டுவந்தார்கள். ஒருவர் நொச்சித் தைலம். ஒருவர் மயில் கொழுப்பு. ஒருவர் ஏழு மூலிகை போட்டுக் காய்ச்சியதாகச் சொல்லிக் கறுப்பாக ஏதோ ஒன்று. ஒவ்வொருவரையும் வாசலிலேயே நிறுத்தி, ரத்தம் கட்டுவதையும் எலும்பு முளைப்பதையும் விளக்கினேன். எல்லோரும் அக்கறையாகக் கேட்டுக்கொண்டார்கள். கேட்டு முடித்ததும், "சரி தம்பி, நான் லேசாத் தடவிட்டு மட்டும் போயிருதேன்" என்றார்கள்.

அக்கா என்மேல் பாய்ந்தாள். "வந்த சனத்த வாசல்ல நிறுத்திப் பாடம் நடத்துத. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு எவ வருவா நம்ம வீட்டுக்கு?"

"அத்தானுக்குக் கை வேணுமா, ஒனக்கு ஆள் வேணுமாக்கா?"

"ரெண்டும் வேணும்லே. காலேஜில இதச் சொல்லித் தரலியா?"

அத்தானின் கூட்டாளிகளில் மூத்தவர் தளவாய். பாறையில் எண்ணெய் தேய்க்கிறவர்களுக்கெல்லாம் அவர்தான் பெரியவர். யார் எந்த இடத்தில் நிற்பது என்பது அவர் சொல்வதுதான். கட்டுப் போட்ட இரண்டாம் வாரம் வந்தார். அத்தானின் வீங்கிய விரல்களைத் தொட்டுப் பார்த்துக் கண்கலங்கினார். நடிப்பில்லை. இவரையெல்லாம் நடிக்கிறவர் என்று சொல்ல முடிந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

"உயிரோட இருக்கிற கைய சொவரு வச்சு அடைச்சிருக்கானே பாவி" என்றார். "ஏலே கைலாசம், முதல் எண்ணெய்க்கு வந்திருவியாலே?"

"வராம என்ன அண்ணாச்சி."

முதல் எண்ணெய் என்பது அவர்களுக்குள் ஒரு வழக்கம். சாரல் விழுந்து அருவியில் புதுத் தண்ணீர் வந்த அன்று, வெளியாள் ஒருவர் மேல் கை வைப்பதற்கு முன்னால், ஒருவருக்கொருவர் எண்ணெய் தேய்த்துவிட்டு எல்லோரும் சேர்ந்து அருவியில் நிற்க வேண்டும். ஊரான் உடம்பிலுள்ள பீடையெல்லாம் தேய்க்கிறவன் கையில் ஏறாமல் இருக்க அது காப்பு. முதல் எண்ணெய் வாங்காதவன் அந்த வருஷம் பாறையில் நிற்கக் கூடாது. எழுதிவைத்த சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் மீறினவரும் இல்லை.

"உடம்புல தேய்க்கலாம். முட்டங்கையில கூடாது" என்றேன் நான்.

தளவாய் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "பி.ஏ. தம்பி, உச்சியில வச்ச எண்ணெ உள்ளங்கால்ல எறங்கணும். நடுவுல முட்டங்கையில நிறுத்திக் கேட் போட முடியுமா?"

கட்டுப் பிரித்த அன்று டாக்டர் சொன்னபடியே கை மரக்கட்டையாகத்தான் இருந்தது. தோல் உரிந்து, கை மெலிந்து, ரோமமெல்லாம் ஒட்டிக்கிடந்தது. அத்தான் அதைக் கடையில் பார்க்கிற சாமானைப்போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆனால் பயிற்சியைச் சரியாகச் செய்தார். காலையிலும் மாலையிலும் கூடத்தில் உட்கார்ந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, தானாகவே மடக்குவார், நீட்டுவார். மத்தியானச் சாப்பாட்டின்போது அக்கா தட்டை வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருப்பாள். அவர் ஒரு வாய்ச் சோற்றை வலது கையில் எடுப்பார். கை நெஞ்சுவரை வரும், நிற்கும். சோற்றை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் உண்பார். இடது கையால் உண்பது அவருக்கு எவ்வளவு அருவருப்பு என்பது அவர் மெல்லுகிற விதத்திலேயே தெரியும்.

ஆனி பிறந்தபோது கை கழுத்துக்கு வந்தது. பிறகு மோவாய்க்கு வந்தது. "மாப்ள, இன்னும் நாலு வெரல்தான்" என்று என்னிடம் குழந்தைபோலச் சொல்வார். டாக்டரிடம் காட்டினோம். அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, மடக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அம்புட்டுத்தான். ஒரு மாசத்துல வாய்க்கு வந்துரும். கெடுத்துராத" என்றார்.

அந்த ஒரு மாதத்தை மேற்கே இருக்கிற மலை கொடுக்கவில்லை.

ஒருநாள் விடிந்தபோது மலையைக் காணோம். மேகம் இறங்கி மேலகரம் தெருவெல்லாம் பூத்தூறல். "அருவி விழுந்துட்டு" என்று சொல்லிக்கொண்டு ஆட்கள் ஓடினார்கள். நான் பல்தேய்த்துவிட்டு வருவதற்குள் அத்தான் தலைப்பாகை கட்டி வாசலில் நின்றார்.

"எங்க போறிய?" என்றாள் அக்கா.

"சும்மா தண்ணியப் பாத்துட்டு வாரேன்."

சும்மா பார்க்கப் போகிறவர் இடுப்பில் எண்ணெய்த் துண்டு கட்டிக்கொண்டு போவாரா? நானும் குடையை எடுத்துக்கொண்டு கூடவே நடந்தேன். வழியெல்லாம் பேசினேன். சரித்திரத்திலிருந்துகூட ஒரு உதாரணம் சொன்னதாக ஞாபகம். "சரி மாப்ள, சரி மாப்ள" என்று கேட்டுக்கொண்டே, நடையை மட்டும் வேகப்படுத்தினார்.

பாறையில் எல்லோரும் கூடியிருந்தார்கள். புதுத் தண்ணீர் கலங்கலாக, சருகும் சுள்ளியுமாக விழுந்துகொண்டிருந்தது. தளவாய் செம்பில் நல்லெண்ணெயோடு நின்றார். நான் முன்னால் போய் நின்று பேசினேன். கல்லூரிப் பேச்சுப்போட்டியில் பரிசு வாங்கியவன். அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தி, கட்டிய ரத்தம் எப்படி எலும்பாகும் என்று, அவர்களுக்குப் புரிகிற மொழியில், உறை விட்ட பாலை உதாரணம் காட்டி விளக்கினேன். ஒருவரும் குறுக்கே பேசவில்லை. அன்று பேசியது போல நான் அதற்குப் பிறகு எந்த மேடையிலும் பேசியதில்லை.

முடித்ததும் தளவாய் சொன்னார்: "தம்பி நல்லாப் பேசுதான். தொண்ட கட்டிரும், அதுக்குக் கொஞ்சம் எண்ணெ போடுங்கலே."

பாறை முழுக்கச் சிரிப்பு. அத்தானும் சிரித்தார்.

ஆனால் தளவாய் என் பேச்சைத் தள்ளிவிடவில்லை. கொஞ்சம் யோசித்து, "சரி. அந்த டாக்டருக்கு முட்டங்கை. எங்களுக்கு மிச்சம். போதுமா தம்பி?" என்றார். போதும் என்றேன். ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். உச்சந்தலையில் எண்ணெய் வைத்து, முதுகு, மார்பு, தொடை என்று அத்தானைத் தேய்த்துவிட்டார்கள். வலது கையிலும் தோளிலிருந்து பாதிவரை, மணிக்கட்டிலிருந்து பாதிவரை. முழங்கையை மட்டும் தொடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். அதை மறுக்க மாட்டேன்.

அத்தான் எழுந்து நின்றார். கறுத்த உடம்பெல்லாம் பளபளக்கிறது. முழங்கை மட்டும் வெளுத்து, தோல் உரிந்து, சுண்ணாம்பு அடித்த சுவர்மாதிரி காய்ந்து கிடக்கிறது. முதல் தண்ணீருக்கென்று காத்திருந்து வந்த வெளியூர்க்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, "என்னப்பா, அங்க வரும்போது எண்ணெ தீந்துபோச்சா?" என்று சிரித்தார். அத்தானின் முகம் சுண்டிப்போயிற்று.

"மாப்ள" என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இது என் கை மாதிரியே இல்ல. ஆஸ்பத்திரில குடுத்த கை மாதிரி இருக்கு."

"இன்னும் ஒரு மாசம் அத்தான். மோவாய்க்கு வந்துட்டுலா?"

"ஒரு மாசத்துல சாரல் பாதி போயிரும். என் எடத்துல இன்னொருத்தன் நிப்பான்."

"எடம் போனா அடுத்த வருசம் கெடைக்கும். கை போனா?"

"நான் பொறந்ததுலேருந்து எண்ணெ தேய்ச்சு எவன் கையும் போயிப் பாத்ததில்ல, மாப்ள" என்றார். திரும்பி, "அண்ணாச்சி" என்று கூப்பிட்டு, கையை அவரே நீட்டினார்.

அதற்குப் பிறகு நான் கத்தினது எதுவும் அருவிச் சத்தத்தில் எடுபடவில்லை. தளவாய் கண்ணை மூடிக் குற்றாலநாதனைக் கும்பிட்டுவிட்டுத் தொட்டார். முரட்டுத்தனம் இல்லை. பிறந்த பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி, இரண்டு கட்டைவிரலையும் வைத்து, மூட்டைச் சுற்றிச் சுற்றி வழித்தார். ஒருவர் மாற்றி ஒருவர் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் அதில் பங்கு வேண்டும். அத்தனை முதுகு தேய்த்த கைக்கு இன்று நாம் தேய்க்கிறோம் என்ற சந்தோஷம் ஒவ்வொரு முகத்திலும் இருந்தது. கடைசியில் தளவாய், "மூச்ச விடுலே" என்று சொல்லி, கையைப் பிடித்து ஒரே இழுப்பாக நீட்டினார். உள்ளே எதுவோ நறுக்கென்றது. அத்தான் துண்டைக் கடித்துக்கொண்டார். அப்படியே எல்லோருமாக அவரை அருவிக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

திரும்பி வந்தபோது அத்தான் கையை மடக்கினார். விரல்கள் உதட்டைத் தொட்டன.

அந்தக் காட்சியை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் பொங்குகிறது. ஒரு மாதம் கழித்து வரவேண்டிய கை அன்றைக்கே வந்துவிட்டது! பாறையில் குலவைச் சத்தம் ஒன்றுதான் குறைச்சல். "எங்க தம்பி, அந்த டாக்டரக் கூட்டிட்டு வா. அவருக்கும் ரெண்டு கை எண்ணெ போட்டு அனுப்புதோம்" என்றார் தளவாய். நான் குடையை எடுத்துக்கொண்டு நனைந்தபடியே வீட்டுக்கு வந்தேன்.

அன்று மத்தியானம் அத்தான் தன் வலது கையால் சாப்பிட்டார். அக்கா இரண்டாம் முறை சோறு போட்டாள். "படிச்சவன் பேச்சக் கேட்டிருந்தா இன்னும் மாசக்கணக்குல கெடந்திருப்பியளே" என்றாள். அவர் உண்டு முடித்து விரல்களை ஒவ்வொன்றாகச் சப்பினார்.

வலது கையால் அவர் உண்ட கடைசிச் சாப்பாடு அது.

மறுநாள் முழங்கை வீங்கிச் சூடாக இருந்தது. "உள்ள இருந்த வாயு வெளிய வருது" என்று தளவாய் சொன்னார். வீங்கினதற்காக இன்னும் தேய்த்தார்கள். தேய்த்ததால் இன்னும் வீங்கியது. வாராவாரம் அந்தக் கை வந்த வழியே திரும்பிப் போயிற்று. உதட்டிலிருந்து மோவாய்க்கு, மோவாயிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து நெஞ்சுக்கு. முழங்கைக்கு மேலே சதைக்குள் எலுமிச்சங்காய் அளவுக்குக் கெட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. அத்தான் பாறைக்குப் போய்வந்துகொண்டிருந்தார்.

ஆடியில் விருதுநகர்க்காரர் வந்தார். நானும் அன்று அங்கே இருந்தேன். அவர் வந்து வழக்கம்போலக் குப்புறப் படுத்தார். அத்தான் வலது உள்ளங்கையை அவர் தோளில் வைத்து இடுப்புவரை இறக்கப் பார்த்தார். கை பாதி முதுகில் நின்றுவிட்டது. மறுபடியும் தோளில் வைத்து இறக்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. குப்புறக் கிடந்தபடியே அவர் கேட்டார்: "ஏம்ப்பா, இந்த வருஷம் கைலாசம் வரலையா?"

அத்தான் பக்கத்திலிருந்தவனுக்குக் கண்ஜாடை காட்டி அவனைத் தேய்க்கச் சொல்லிவிட்டு, என்னிடம் வந்து, "வா மாப்ள, டாக்டர்ட்டப் போவோம்" என்றார்.

டாக்டர் கையைப் பார்த்ததும் எங்களை உட்காரச் சொல்லவில்லை. "எத்தன பேரு தேய்ச்சிய?" என்றுதான் கேட்டார். திருநெல்வேலிக்கு ரயிலேறிப் போய் எக்ஸ்ரே எடுத்துவந்தோம். அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். முழங்கை எலும்புக்கு முன்னால், சதை இருக்க வேண்டிய இடத்தில், பஞ்சைப் பிய்த்துப் போட்டதுபோல வெள்ளையாக இருந்தது. "இந்தா முளைச்சிருக்கு பாரு. இது நீ வளத்த எலும்பு" என்றார் அத்தானிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒம்ம நம்பித்தானே அனுப்புனேன்?" என்றார்.

நான் என்ன சொல்ல? கட்டிப்போட்டா வைக்க முடியும்? அவரே கையை நீட்டினார் ஐயா என்று சொன்னால், பக்கத்தில் நிற்கிற அந்த மனிதரின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

"இனி யாரும் தொடாதிய. இப்ப அறுத்தா மறுபடி முளைக்கும். ஒரு வருசம் முத்தட்டும். பெறகு மதுரையில ஆபரேஷன் பண்ணி எடுக்கலாம். முழுசா வராட்டாலும் கை வாய்க்கு வந்துரும். ஆனா அதுக்குப் பெறகும் மூணு மாசம் அருவி கூடாது, எண்ணெ கூடாது, ஒன் சேக்காளிகளே கூடாது."

அந்த ஒரு வருஷமும் போயிற்று. அத்தான் பாறையை விடவில்லை. தளவாயும் மற்றவர்களும் அவருடைய இடத்தை யாருக்கும் கொடுக்கவில்லை. அந்த விசுவாசத்தை நான் குறை சொல்ல முடியாது. அதுதான் இன்னும் எரிச்சல். மடங்கியபடியே நின்றுபோன கையின் முன்பாகத்தை உருளைபோல வைத்து உருட்டி, இடது கையால் வழித்துத் தேய்க்கப் பழகிக்கொண்டார். அதற்கும் வாடிக்கை சேர்ந்தது. விருதுநகர்க்காரர் மட்டும் வேறு ஆளிடம் போய்விட்டார்.

முழங்கை ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்டால் பாறையில் ஒரே பதில்தான். "மாவுக்கட்டுப் போட்டு மூணு வாரம் ரத்தத்த அடச்சிட்டான். நாங்க தேய்ச்சதாலதான் இந்த மட்டுக்காவது இருக்கு." வெளியூர்க்காரர்களிடம் தளவாய் அத்தானின் கையைத் தூக்கிக் காட்டி இதைச் சொல்வார். அத்தான் பக்கத்தில் நின்று ஆமாம் என்று தலையாட்டுவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"நீங்களுமா அத்தான்? அந்த எக்ஸ்ரேயப் பாத்தியளே."

"பாத்தேன் மாப்ள."

"பெறகு?"

"கூட நிக்கவங்க மனசு நோகச் சொல்லணுமாக்கும்? அவிய என்ன, என் கையக் கெடுக்கணும்னா தேய்ச்சாவ?"

ஆபரேஷனுக்கு எப்போது போவோம் என்றால், "ஆவணி கழியட்டும்" என்பார். சாரல் ஆவணியோடு முடியும். அதன்பின் மூன்று மாதம் வீட்டில் இருந்தால் போதும். நியாயமாகத்தான் படும். ஆவணி கழிந்தால் புரட்டாசியில் பண்பொழிக் கோயிலுக்கு ஒரு நேர்த்தி. ஐப்பசியில் மழை பெய்து அருவியில் மறுபடி தண்ணீர், கார்த்திகையில் சபரிமலைக்குப் போகிற கூட்டம். தை பிறந்தால் "இனிமே என்ன, அடுத்த ஆவணி" என்பார். இதற்குள் எனக்குக் கடையநல்லூரில் பள்ளிக்கூட வேலை கிடைத்துவிட்டது. லீவு விடும்போதெல்லாம் மதுரைக்குப் போகலாம் என்று வந்து நிற்பேன். போன வருஷம் டாக்டர் ஏசுவடியான் கையை அசைத்துப் பார்த்துவிட்டு, "இப்ப மூட்டே இறுகிப்போச்சு. எடுத்தாலும் பெரிசா ஒண்ணும் வராது. அவரு இஷ்டம்" என்றார். அத்தானின் முகத்தில் அப்போது தெரிந்தது வருத்தமா, நிம்மதியா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

அவர் இப்போது கல்யாண வீட்டுப் பந்திகளில் உட்காருவதில்லை. என் கல்யாணத்திலும் உட்காரவில்லை. பரிமாறுகிறேன் என்று சொல்லி இடது கையில் தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டு கடைசிவரை அலைந்தார். வீட்டில் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டுதான் சாப்பாடு. அக்கா பிசைந்து உருட்டி உருட்டி அவருடைய இடது உள்ளங்கையில் வைப்பாள்.

இதைப் பார்த்துவிட்டு நானும் ஒன்று யோசித்தேன். தென்காசியில் பாத்திரம் அடிக்கிற ஒருவரிடம், கைப்பிடி ஒரு முழமும் முனையில் சற்று வளைவுமாக, பித்தளையில் கரண்டி ஒன்று சொல்லிச் செய்வித்தேன். என் கையை அதே கோணத்தில் கயிற்றால் கட்டிக்கொண்டு, வீட்டில் உட்கார்ந்து சோறு உண்டு பார்த்து, வளைவு சரியில்லையென்று இரண்டு தடவை திருப்பிக் கொடுத்து வாங்கினேன். வலது கையாலேயே, யார் தயவும் இல்லாமல், பந்தியில்கூட உட்கார்ந்து உண்ணலாம். கொண்டுபோய்க் கொடுத்தபோது அத்தான் அதை நெடுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். "கரண்டியால திங்க நான் என்ன தொரையா மாப்ள?" என்று சிரித்தார். ஆனாலும் வாங்கி வைத்துக்கொண்டார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்த ஆனியில் போயிருந்தேன். வீட்டில் ஆளில்லை. அருவிக்குப் போனேன். நல்ல கூட்டம். அத்தான் தன் இடத்தில், ஒரு பருத்த முதுகின் மேல் குனிந்து நின்றார். பக்கத்தில் எண்ணெய் டின். அதற்குள்ளிருந்து ஒரு முழ நீளத்துக்குப் பித்தளைப் பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"அத்தான், இது..."

"வா மாப்ள!" என்றார் அத்தான். முகமெல்லாம் சிரிப்பு. இடது கையால் கரண்டியை எடுத்து, டின்னின் அடியிலிருந்து எண்ணெயை அள்ளி, அந்த வளைவு கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் முதுகில் ஊற்றிக் காட்டினார். "அடி எண்ணெய எடுக்க இதுக்கு முன்னால பட்ட பாடு இருக்கே! தளவாய் அண்ணாச்சி, நம்ம மாப்ளதான் செஞ்சு குடுத்தான். என்ன சொன்னாலும் படிச்சவன் படிச்சவந்தான்."

தளவாய் கரண்டியை வாங்கித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, நம்ம பயக்களுக்கெல்லாம் ஆளுக்கு ஒண்ணு சொல்லி வாங்கித் தாரியா?" என்று கேட்டார்.